கோணல்

டிசம்பர் பிறந்தால் எங்கள் அச்சகத்துக்குக்
கர்த்தருடைய வார்த்தை ரீம் கணக்கில் வரும்.
ஒரு ஷீட்டுக்கு நாற்பது வசனம்.
முதுகுப்புறம் லில்லிப்பூ, நீர்வீழ்ச்சி,
தாமிரபரணியைக் கண்டேயிராத ஏதோ ஓர் ஏரி.
வெட்டுகிறவள் நான்.
அடுக்கி, தட்டி, அளவு பார்த்து
இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்
கத்தி இறங்கும், ஒரு மூச்சுச் சத்தம்.
பதினோரு வருஷமாக
நாசரேத்துக்கு, டோனாவூருக்கு, சாயர்புரத்துக்கு
ரப்பர் பாண்டு போட்டு அனுப்புகிறேன்.

நாத்தனார் ஹெப்சியிடம் அவர் தினமும் பேசுகிறார்.
கே.டி.சி. நகர் மனையை விற்கச் சொன்னது அவர்தான்.
போன மாதம் கிரைண்டர் வாங்காதே என்றாராம்,
அடுத்த வாரமே விலை குறைந்தது.
நான் கேலி செய்யவில்லை.
சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்,
அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்,
பாத்திரம் விளக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டு.

நாலரை மணிக்கே போனில் வசனம் வந்துவிடும்.
ஏழு பேர் அனுப்புவார்கள், ஏழும் வேறு.
டி.வி.யில் கோட்டுப் போட்ட தம்பி கண்ணை மூடி
'கிட்னியில் கோளாறுள்ள ஒரு சகோதரன்' என்றார்.
கரண்டியோடு எழுந்து நின்றேன்.
'பெயர் எம் என்ற எழுத்தில்' என்றார்.
என் வீட்டுக்காரர் பெயர் ஞானையா.
உட்கார்ந்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் ஹைகிரவுண்டில்
அவர் ரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்புகிறது.
நாலு மணி நேரம்.
மெஷினுக்கு மேலே பார்த்து ஒரே கேள்வி கேட்பேன்.
அங்கே மின்விசிறி சுற்றும்.

பதினெட்டாம் தேதி, கத்திக்கடியில் ஷீட் இருக்கும்போது போன்.
பிரஷர் இறங்கிவிட்டது, உடனே வாங்க.
அளவு நகர்ந்ததைப் பார்க்காமல்
பொத்தானை அழுத்திவிட்டு ஓடினேன்.
மறுநாள் வந்து கோணல் அட்டைகளைப் பொறுக்கி எறிந்தேன்.
எல்லாவற்றையும் என்றுதான் நினைத்தேன்.

பழைய வருஷ ஆராதனை.
வெளியே பனி, பட்டாசோடு காத்திருக்கும் பையன்கள்.
மணி அடித்து ஓய்ந்து, ஐயர் ஆசீர்வாதம் சொல்லி,
பித்தளைத் தட்டில் வாக்குத்தத்த அட்டை வந்தது.
ஹெப்சி எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.
எனக்கோ தட்டைப் பார்த்தாலே
முந்நூறு ஜி.எஸ்.எம்., ஆர்ட் கார்டு.
இருந்தும் விரல் நடுங்கியது. ஏனோ.

எடுத்தது என் கோணல்.
மேலே ஒரு வசனத்தின் வால்:
இருப்பேன்.
நடுவே தங்கக் கோடு.
கீழே இன்னொரு வசனத்தின் தலை:
நீ
அதோடு கத்தி.

சபை ஊழியர் எட்டிப் பார்த்தார்.
'மிஸ்பிரிண்டும்மா, வேற எடுங்க.'
தட்டில் நிறையக் கிடந்தன, முழுசாக.
'பிரிண்ட் சரிதான், கட்டிங்தான் தப்பு' என்று
தொழில்காரி வாய் திருத்தப் போனது.
அதற்குள் தட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டது.
போகட்டும் என்று நான்தான் விட்டேன்.

வீட்டில் அவர் விழித்திருந்தார்.
'ஏட்டி, என்ன வசனம் விழுந்துது?'
'இருப்பேன்னு.'
'யாரு?'
'பேரு வெட்டுல போயிட்டு.'
'பொறவு?'
'நீன்னு இருக்கு. அதுக்கு மேல இல்ல.'
சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம், இருமல் வருகிற வரைக்கும்.
விளக்கில் திருப்பிப் பார்த்தார்:
விழுந்து முடிந்த நீர்வீழ்ச்சியின் நுரை,
அதற்கடியில் ஒரு லில்லியின் தலை மட்டும்.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

காலை ஆறு மணிக்கு அவர் முறை.
வருஷம் பிறந்தது மெஷினுக்குத் தெரியாது.
பண்டிகை நாளாச்சே, வருவாரோ மாட்டாரோ என்று
ஆட்டோ மைதீனுக்கு அந்த நேரத்தில் போன் போட்டேன்.
தூக்கத்தில் கரகரத்த குரல்.
'அஞ்சரைக்கு வாசல்ல இருப்பேன் மைனி.
நீங்க செத்தப் படுங்க.'